தகுதிப் பட்டியலில் நான்கு ஆண்டுகள்

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் மூன்றாம் ஆண்டு முடியும் தறுவாயில் ஒரு பட்டியல் வரும். ‘எலிஜிபிள் லிஸ்ட்’ என்பார்கள். பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் அறுபது விழுக்காடு, கல்லூரியில் ஆறு சி.ஜி.பி.ஏ., நிலுவையில் அரியர் எதுவும் இல்லை: பல கம்பெனிகள் கேட்கும் குறைந்தபட்சத் தகுதி ஏறத்தாழ இதுதான். சில கம்பெனிகள் ஏழு கேட்கும். சில கம்பெனிகள் ‘ஹிஸ்டரி ஆஃப் அரியர்’கூட இருக்கக் கூடாது என்னும். முதலாமாண்டில் கணிதத்தில் தவறி, அடுத்த முறையே எழுதித் தேறியவரும் அந்தக் கம்பெனியின் தேர்வு அறைக்குள் கால்வைக்க முடியாது. பட்டியல் பெரும்பாலும் வாட்ஸ்அப் குழுவில் எக்செல் கோப்பாக வந்து விழுகிறது. பெயர், பதிவெண், துறை, மதிப்பெண், அரியர் எண்ணிக்கை எல்லாம் எல்லார் கண்ணிலும் படும். மூன்றாண்டுகளாக ஒரே டிபன் பாக்ஸில் கைவைத்தவர்கள் அன்று ஒருவரையொருவர் வரிசை எண்ணாகப் பார்க்கிறார்கள்.

வேலை ஆசை மாணவப் பருவத்தைத் தின்றுவிட்டது என்று வருந்துகிறவர்கள் உண்டு. அந்த வருத்தத்தில் பாதியைத்தான் நான் ஏற்கிறேன். சோற்றுக்காகப் படிப்பதைக் குறைவாக நினைக்க வேண்டுமானால் நிலமோ, வீட்டு வாடகையோ, அப்பாவின் பென்ஷனோ பின்னால் இருக்க வேண்டும். இன்று இங்கே கல்லூரிக்கு வருகிறவர்களில் மிகப் பலருக்கு அவை இல்லை. 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47. நாட்டின் சராசரி 28.4. இந்த இடைவெளியை நிரப்பியவர்கள் நெசவாளர், கட்டடத் தொழிலாளி, சிறு விவசாயி, ஆட்டோ ஓட்டுநர் வீட்டுப் பிள்ளைகள். வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கைதான் அவர்களைக் கல்லூரி வாசல்வரை நடத்திவந்தது. அந்த நம்பிக்கையைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. முன்பு வடிகட்டல் இரண்டு இடங்களில் நடந்தது. கல்லூரியின் வாசலில் கட்-ஆஃப், கடைசியில் வேலை. இடையிலிருந்த நான்காண்டுகளில் ஒரு வகுப்பிலிருந்த அறுபது பேரும் ஏறத்தாழச் சமமாக இருக்க முடிந்தது. செமஸ்டர் மதிப்பெண் வரும், போகும். அதைக்கொண்டு யாரும் யாரையும் நாள்தோறும் அளக்கவில்லை. இப்போது வடிகட்டல் அந்த நான்காண்டுகளுக்குள் புகுந்துவிட்டது. மாணவர் வாழ்க்கை இழந்தவற்றில் பெரிது ஓய்வோ விளையாட்டோ என்று நான் நினைக்கவில்லை. பெரிய இழப்பு இந்தச் சமநிலைதான்.

இது எப்படி நேர்ந்தது? 1980களின் தொடக்கம்வரை தமிழ்நாட்டில் பொறியியல் என்றால் கிண்டி, எம்.ஐ.டி., கோவை ஜி.சி.டி., பி.எஸ்.ஜி., மதுரை தியாகராசர் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய கல்லூரிகள். 1984இல் எம்.ஜி.ஆர். அரசு சுயநிதிக் கல்லூரிகளுக்குக் கதவைத் திறந்தது. 2001இல் மாநிலத்தின் பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தின் குடைக்கீழ் வந்தன. 2007 முதல் நுழைவுத் தேர்வு போய், பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும் என்றாயிற்று. கணிதத்துக்கு நூறு, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது என்று 200க்குக் கணக்கிடும் கட்-ஆஃப் ஒன்றே அளவுகோலானது. கல்லூரிகளின் எண்ணிக்கை ஒரு கட்டத்தில் ஐந்நூறைத் தாண்டியது. 2010-11 முதல் குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை கிடைத்தது. 2021இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு பொறியியலுக்கும் வந்தது. கல்லூரி வாசலை அகலப்படுத்தியதில் இந்த மாநிலம் செய்தது பெரிய காரியம். அதில் எனக்கு ஐயமில்லை.

அதே காலத்தில் மறுமுனையும் அகலமானது. 2000இல் தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்டது. பழைய மகாபலிபுரம் சாலையில் சோழிங்கநல்லூர், நாவலூர், சிறுசேரி என்று கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்தன. மென்பொருள் சேவை நிறுவனங்களுக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் ஆள் தேவைப்பட்டது. அந்த வேலைக்கு எந்தத் துறையில் படித்தாலும் சரி என்றார்கள். சிவில் படித்தவரும் மெக்கானிக்கல் படித்தவரும் சில மாதப் பயிற்சிக்குப் பிறகு ஒரே கோடிங் வேலைக்குப் போனார்கள். பட்டத்தின் உள்ளடக்கம் கம்பெனிக்குப் பெரிதாகத் தேவைப்படவில்லை. சொன்னதைக் கற்றுக்கொள்வார், நேரத்துக்கு வருவார், தளராமல் உட்காருவார் என்பதற்கு ஓர் அடையாளம் வேண்டியிருந்தது. பட்டம் அந்த அடையாளமானது.

பொருளியலாளர் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் எழுதிய ஆய்வுரையொன்றில் இதைக் கோட்பாடாகவே சொன்னார். கல்வி ஒருவரின் திறமையைச் சற்றும் கூட்டாவிட்டாலும், திறமை உள்ளவர்களை இல்லாதவர்களிடமிருந்து பிரித்துக் காட்டும் சமிக்ஞையாக அது இயங்க முடியும் என்பது அவர் வாதம். மூன்றாண்டுகள் கழித்து சமூகவியலாளர் ரொனால்ட் டோர், பிரிட்டன், ஜப்பான், இலங்கை, கென்யா நாடுகளை ஒப்பிட்டுச் ‘சான்றிதழ் நோய்’ பற்றி ஒரு நூல் எழுதினார். ஒரு நாடு எவ்வளவு தாமதமாகத் தொழில்மயமாகிறதோ அவ்வளவு இறுக்கமாக வேலை சான்றிதழோடு பிணைக்கப்படும். அவ்வளவு ஆழமாகப் பள்ளியும் கல்லூரியும் தேர்வுக்குள் சுருங்கும் என்றார். 1976இல் அவர் இலங்கையைப் பற்றி எழுதியதைப் படிக்கும்போது நம் ஊரின் நிலை கண்முன்னே வருகிறது. ஒரு வேறுபாடு உண்டு. டோர் பார்த்த மாணவர்கள் அரசு வேலைக்கான சான்றிதழுக்காகப் படித்தார்கள். நம் மாணவர்கள் சான்றிதழ் கைக்கு வரும் முன்பே வேலையைப் பிடித்துவிட வேண்டியிருக்கிறது. தேர்வுக்கு முன் இன்னொரு தேர்வு.

ஆசை எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு அமெரிக்காவிலிருந்து ஓர் ஆய்வு நல்ல வெளிச்சம் தருகிறது. ஏமி பைண்டரும் உடன் ஆய்வாளர்களும் ஹார்வர்ட், ஸ்டான்ஃபோர்ட் மாணவர்களிடம் பேசி 2016இல் வெளியிட்ட ஆய்வு அது. ஆலோசனை நிறுவனம், முதலீட்டு வங்கி, பெரிய தொழில்நுட்ப நிறுவனம் ஆகியவற்றில் சேரத் துடிக்கிற மாணவர்களில் பலர், கல்லூரிக்கு வரும்போது அப்படிப்பட்ட வேலைகள் இருப்பதையே சரியாக அறியாதவர்கள். வளாகத்துக்குள் வந்து அமரும் நிறுவனங்கள், மூத்த மாணவர்களின் பேச்சு, விருந்துகள், போட்டி எல்லாம் சேர்ந்து இவைதான் மதிப்பான வேலை என்று அவர்களுக்குக் கற்றுத்தருகின்றன. ஆசை வீட்டிலிருந்து வருவதைவிட வளாகத்திலிருந்தே அதிகம் வருகிறது.

நம் கல்லூரிகளில் இரண்டும் கலந்திருக்கின்றன. ‘கம்ப்யூட்டர் சயின்ஸ் எடு, வேலை உண்டு’ என்பது வீட்டிலும் உறவிலும் கவுன்சலிங்குக்கு முன்பே பேசி முடிந்துவிடுகிறது. கல்விக் கடனின் தவணை படிப்பு முடிந்து ஓராண்டில் தொடங்கும் என்பதை மாணவர் மறந்தாலும் அப்பா மறக்க மாட்டார். தங்கையின் படிப்பு, அடகில் இருக்கும் நகை, ஒழுகும் கூரை எல்லாம் அந்த முதல் சம்பளத்தை எதிர்பார்த்து நிற்கின்றன. ஹார்வர்ட் மாணவருக்குக் கையில் பல வழிகள் இருந்து, வளாகம் அவற்றை ஒன்றிரண்டாகக் குறைக்கிறது. இங்கே வழி ஏற்கெனவே குறுகியது. வளாகம் அதை ஒற்றையடிப் பாதையாக்குகிறது. கட்டுமானத்தில் ஆர்வத்தோடு சிவில் சேர்ந்த மாணவி நான்காம் செமஸ்டரில் ஜாவா வகுப்பில் உட்கார்ந்திருப்பதற்கு யாரும் அவரை வற்புறுத்தியிருக்க வேண்டியதில்லை. முந்தைய ஆண்டு அவர் துறையிலிருந்து வேலை பெற்ற அக்காக்கள் எங்கே போனார்கள் என்று பார்த்தாலே போதும்.

இனி அன்றாடத்துக்கு வருவோம். பல கல்லூரிகளில் முதல் செமஸ்டரிலேயே கால அட்டவணையில் ‘பிளேஸ்மென்ட் டிரெய்னிங்’ என்று வாரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஒதுக்கியிருப்பார்கள். ஆப்டிட்யூட், வெர்பல், ரீசனிங். ரயிலின் வேகம், தொட்டி நிரம்பும் நேரம், மூன்று பேர் சேர்ந்து செய்யும் வேலை என்று ஆர்.எஸ். அகர்வால் புத்தகத்தின் கணக்குகள். அதற்கு மேல் கோடிங். ஸ்கில்ராக் போன்ற தளங்களில் நாளுக்கு இத்தனை கணக்கு என்று இலக்கு, முடித்தவர்களுக்குப் பதக்கம், யார் எத்தனை முடித்தார்கள் என்ற பட்டியல் துறைத்தலைவர் மேசையில். அந்தப் பட்டியலை வைத்து மாணவர்களை ஏ பேட்ச், பி பேட்ச், சி பேட்ச் என்று பிரிக்கும் கல்லூரிகள் இருக்கின்றன. ஏ பேட்சுக்கு வெளியிலிருந்து வரும் பயிற்சியாளர், ஏ.சி. அறை. சி பேட்சுக்கு அந்த நேரத்தில் ஓய்வாக இருக்கும் விரிவுரையாளர். மூன்றில் யாருக்குக் கூடுதல் பயிற்சி தேவை என்று கேட்டால் விடை எல்லாருக்கும் தெரியும். ஆனால் ‘ட்ரீம் ஆஃபர்’ எனப்படும் பெரிய சம்பள வேலையை வாங்கும் வாய்ப்பு ஏ பேட்சில்தான் இருக்கிறது. கல்லூரியின் அடுத்த ஆண்டு ஃபிளெக்ஸ் பேனரில் ஏறப்போகும் முகங்களும் அங்கேதான்.

மாணவர் வட்டத்துக்குள் இது செய்யும் வேலையைப் புரிந்துகொள்ள கான்ஸ்டன்டைன் நகாஸிஸ் என்ற மானுடவியலாளரின் நூல் எனக்கு உதவியது. மதுரையிலும் சென்னையிலும் கல்லூரி இளைஞர்களோடு பழகி, அவர்களின் ‘ஸ்டைல்’ பற்றி 2016இல் அதை வெளியிட்டவர். தனித்துத் தெரிய வேண்டும் என்ற ஆசையும், ‘ஓவராப் போறான்’ என்று நண்பர்கள் சொல்லிவிடக் கூடாது என்ற கூச்சமும் ஒன்றையொன்று இழுத்துப்பிடிக்கும் உலகம் அது என்று காட்டுகிறார். நம் கல்லூரிகளில் படித்த யாருக்கும் இது தெரியும். நன்றாகப் படிக்கிறவன்கூடத் தேர்வுக்கு முந்தின இரவு ‘ஒண்ணுமே படிக்கலடா மச்சி’ என்பான். அதில் பொய் இருந்தாலும் ஒரு பண்பாடு இருந்தது. வட்டத்தில் ஒருவன் மேலே போவதை மற்றவர்களின் முகத்தில் அடிக்காத பண்பாடு. சீன் போடுகிறவனை வட்டம் கேலி செய்தே தரைக்கு இறக்கிவிடும்.

வேலைச் சந்தை கேட்பது இதற்கு நேர் எதிரான ஒன்றை. அங்கே தன்னைத்தானே உயர்த்திப் பேச வேண்டும். ‘டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்’ என்ற கேள்விக்கு இரண்டு நிமிட விடையை மனப்பாடம் செய்யும் வழக்கம் இரண்டாமாண்டிலேயே தொடங்குகிறது. லிங்க்ட்இன் பக்கத்தில் ஒவ்வொரு சான்றிதழையும் ‘பெருமையோடு அறிவிக்கிறேன்’ என்று போட வேண்டும். குரூப் டிஸ்கஷனில் நண்பனை மடக்கிப் பேசினால்தான் தேர்வாளர் கவனிப்பார் என்று பயிற்சியில் சொல்லித்தருகிறார்கள். இருபது வயதில் இப்படிப் பழக நேர்வதை நான் சாதாரண மாற்றமாகப் பார்க்கவில்லை. மாலையில் ஒன்றாக டீ குடிக்கப்போகிற நான்கு பேர், காலையில் ஒரே வேலைக்காக ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டியிருப்பார்கள். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் விடுதி அறைகளில் நிலவும் அமைதியை அங்கே தங்கியவர்கள் சொல்லக் கேட்கலாம். வேலை கிடைத்தவன் ட்ரீட் கொடுக்கத் தயங்குகிறான். கிடைக்காதவன் மெஸ்ஸுக்கு எல்லாரும் போன பிறகு போகிறான். ‘பிளேஸ்ட்’, ‘அன்பிளேஸ்ட்’ என்ற இரண்டு சாதிகள் ஒரே அறையில் உறங்குகின்றன.

படிப்பு என்ன ஆகிறது? ஏழாம் செமஸ்டரில் கம்பெனிகள் வரத் தொடங்கினால் வகுப்பில் பாதிப் பேர் ‘ஓ.டி.’யில் (ஆன் டியூட்டி) இருப்பார்கள். 75 விழுக்காடு வருகைப்பதிவு என்ற விதி அவர்களுக்குத் தளர்த்தப்படும். பல கம்பெனிகள் எட்டாம் செமஸ்டரை முழுவதுமாக இன்டர்ன்ஷிப்புக்கு எடுத்துக்கொள்கின்றன. அந்த செமஸ்டர்தான் இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு உரியது. கற்ற அனைத்தையும் ஒன்றாக வைத்து ஒரு பொருளையோ கருவியையோ மாணவர் தம் கையால் உருவாக்கிப் பார்க்கும் ஒரே வாய்ப்பு அது. சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் பேருந்து நிலையங்களைச் சுற்றியுள்ள மாடிகளில் ‘ஐ.இ.இ.இ. ப்ராஜெக்ட்ஸ்’ என்ற பலகைகள் தொங்குவதைப் பார்க்கலாம். பணம் கட்டினால் நிரலும் அறிக்கையும் பவர்பாயிண்ட் விளக்கமும் கைக்கு வரும். அவற்றை வாங்குகிறவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. பலர் அதே மாதங்களில் நள்ளிரவுவரை ஆன்லைன் தேர்வுகள் எழுதிக்கொண்டிருப்பவர்கள். எதற்குப் பலன் இருக்கிறதோ அதற்கு நேரத்தைக் கொடுக்கிறார்கள். திட்டப்பணிக்குப் பலன் இல்லை என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது நாம்தான்.

வகுப்புக்கு வெளியே இருந்தவையும் உருமாறிவிட்டன. சிம்போசியம், பேப்பர் பிரசன்டேஷன், என்.எஸ்.எஸ். முகாம், ரத்ததானம் எல்லாமே ரெஸ்யூமேயில் ஒரு வரியாகப் பார்க்கப்படுகின்றன. அரசியலும் அப்படித்தான். 1965 ஜனவரியில் இந்தித் திணிப்பை எதிர்த்து மாநிலத்தை உலுக்கியவர்கள் மாணவர்கள்; அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் ஜனவரி 27 அன்று துப்பாக்கிச்சூட்டில் உயிரிழந்தார். 2013 மார்ச்சில் ஈழத் தமிழர்களுக்காக லயோலா கல்லூரி மாணவர்கள் தொடங்கிய உண்ணாவிரதம் மாநிலமெங்கும் பரவியது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடியவர்களில் பொறியியல் மாணவர்களும் ஐ.டி. ஊழியர்களும் பெருந்திரளாக இருந்தார்கள். இந்த நினைவு இருப்பதால்தான், இன்றைய மாணவர்களுக்குச் சமூக அக்கறை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த எழுச்சிகள் திடீரென்று மூண்டு அடங்குபவை. அன்றாடத்தில் பெரும்பாலான தனியார் பொறியியல் கல்லூரிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர் சங்கம் கிடையாது. விடுதிச் சாப்பாட்டைப் பற்றிக் கடிதம் எழுதவே யோசிப்பார்கள். ‘பேர் கெட்டுப்போச்சுன்னா கம்பெனிக்கு அனுப்ப மாட்டாங்க’ என்ற ஒரு வாக்கியம் எந்த ஒழுங்கு நடவடிக்கைக் குழுவையும்விட வலிமையானது.

இத்தனையும் சொன்ன பிறகு, இந்த ஆசை கொடுத்ததையும் அதே அளவு அழுத்தமாகச் சொல்ல வேண்டும். முக்கியமாகப் பெண்களுக்கு. மூன்றாமாண்டிலேயே ஜாதகம் எடுக்கத் தொடங்கும் வீடுகள் இன்றும் நிறைய. அந்த வீட்டில் ஒரு மாணவியின் கையில் ஆஃபர் லெட்டர் இருந்தால் பேச்சின் திசை மாறிவிடுகிறது. ‘ரெண்டு வருஷம் வேலை பார்க்கட்டும்’ என்று அம்மா சொல்லத் துணிகிறார். அந்த இரண்டு ஆண்டுகளில் சென்னையிலோ பெங்களூரிலோ லேடீஸ் ஹாஸ்டலில் தங்கி, தன் பெயரில் வங்கிக் கணக்கு வைத்து, யாரிடமும் சொல்லாமல் கடற்கரைக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருகிற ஒரு வாழ்க்கை அவளுக்குக் கிடைக்கிறது. அதனால் கல்லூரியில் வேலைக்காக மிகக் கடுமையாக உழைப்பவர்களில் பெண்கள் முன்னணியில் இருப்பது வியப்பில்லை. சக மாணவன் வேலையைத் தேடும்போது அவள் காலத்தைத் தேடுகிறாள். ‘ஏம்மா இவ்வளவு டென்ஷன்?’ என்று அவளிடம் கேட்கிற பேராசிரியருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

சமநிலையைக் குலைப்பதில் ஆங்கிலத்துக்குத் தனிப் பங்கு இருக்கிறது. தமிழ்வழியில் படித்து வந்தவர் கணிதத்தில் முந்தலாம், நிரலில் முந்தலாம். கடைசிச் சுற்றில் ‘கம்யூனிகேஷன் போதாது’ என்ற ஒரு சொல்லில் நின்றுவிடுகிறார். கம்யூனிகேஷன் என்று அங்கே அளக்கப்படுவது மொழி மட்டும்தானா? உட்காரும் விதம், உச்சரிப்பு, பொழுதுபோக்கு என்ன என்ற கேள்விக்குச் சொல்லும் பதில் எல்லாம் சேர்ந்துதான் அந்த மதிப்பெண். சி.ஜே. ஃபுல்லரும் ஹரிப்பிரியா நரசிம்மனும் சென்னையின் மென்பொருள் ஊழியர்களை ஆராய்ந்து 2007இல் எழுதினார்கள். அஜந்தா சுப்பிரமணியன் ஐ.ஐ.டி. மெட்ராஸை முன்வைத்துப் பொறியியல் கல்வியில் ‘தகுதி’ என்று சொல்லப்படுவதற்கும் சாதிக்கும் உள்ள உறவை 2019இல் நூலாக்கினார். குடும்பம் கொடுத்த முதலீடு தனிமனிதத் திறமையாகத் தோற்றம் கொள்ளும் வழியை இந்த ஆய்வுகளில் காணலாம். அரியர் வரலாறு கேட்கும் விதியும் இதே வேலையைச் செய்கிறது. முதல் இரண்டு செமஸ்டர்களில் அரியர் வைப்பவர்களில் பலர், பாடத்தை முதன்முறையாக ஆங்கிலத்தில் கேட்டுத் திணறியவர்கள். நான்காமாண்டில் அவர்கள் எவ்வளவு தேறியிருந்தாலும் அந்த முதலாமாண்டுத் திணறல் அவர்களை விடுவதில்லை.

இவ்வளவு விலை கொடுத்து வாங்கும் வேலைதான் என்ன? 2010களின் தொடக்கத்தில் பெரிய மென்பொருள் சேவை நிறுவனங்கள் புதியவர்களுக்குக் கொடுத்த ஆண்டுச் சம்பளம் மூன்று லட்சத்துக்குச் சற்று மேல். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும், கூட்டமாக ஆளெடுக்கும் அடிப்படைப் பதவிகளில் அது மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நின்றது. இதற்கிடையில் விலைவாசி ஏறக்குறைய இருமடங்காகிவிட்டது. ஆஃபர் கிடைத்தாலும் அழைப்பு வருவதில்லை. 2022இல் தேர்வான பலர் இரண்டாண்டுகளுக்கு மேல் காத்திருந்தார்கள். அப்படிக் காத்திருந்து மைசூரு வளாகத்தில் சேர்ந்தவர்கள் உட்பட, முந்நூறுக்கும் மேற்பட்ட பயிற்சியாளர்களை இன்ஃபோசிஸ் 2025 பிப்ரவரியில் வெளியேற்றியது. உள்தேர்வில் மூன்று வாய்ப்புகளிலும் தேறவில்லை என்பது நிறுவனம் சொன்ன காரணம். இந்த நிச்சயமின்மை பலரை மறுபக்கம் தள்ளுகிறது. பத்தாம் வகுப்பே தகுதியான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்கு 2022இல் 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். அறிவிக்கப்பட்ட இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்களில் பொறியியல் பட்டதாரிகளும் இருந்தார்கள். டோர் சொன்ன சான்றிதழ் வரிசை வேறொரு வாசலில் மீண்டும் தொடங்குகிறது.

கல்லூரிகள் இதில் வெறும் பார்வையாளர்கள் இல்லை. மே மாதம் தொடங்கிக் கவுன்சலிங் முடியும்வரை பேருந்து நிலையங்களிலும் நாளிதழ்களின் முதல் பக்கங்களிலும் அவை விற்பது வேலையைத்தான். இத்தனை ஆஃபர், அதிகபட்சச் சம்பளம் இவ்வளவு லட்சம். ஒரே மாணவர் மூன்று கம்பெனிகளில் தேர்வானால் அது மூன்று ஆஃபர். பெற்றோருக்கு உண்மையில் உதவக்கூடிய எண் வேறு இடத்தில் இருக்கிறது. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்காகக் கல்லூரிகள் கொடுக்கும் விவரத்தில், குறித்த காலத்தில் படிப்பை முடித்தவர்கள் எத்தனை பேர், வேலைக்குப் போனவர்கள் எத்தனை பேர், அவர்களின் இடைநிலைச் சம்பளம் எவ்வளவு, மேற்படிப்புக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்று ஆண்டுவாரியாக இருக்கும். பேனரில் நாற்பது லட்சம் என்று கண்டவர் அங்கே இடைநிலைச் சம்பளத்தைப் பார்த்தால் கல்லூரியைப் பற்றி வேறொரு முடிவுக்கு வரக்கூடும். கவுன்சலிங் இணையதளத்திலேயே ஒவ்வொரு கல்லூரியின் பெயருக்கு எதிரிலும் இந்த நான்கு எண்களையும் போட வைப்பது அரசால் முடியாத காரியமில்லை.

வேலைத் தேர்வுக்குக் காலவரையறை வைத்தால் என்ன என்று கேட்கலாம். ஜப்பான் அதை நீண்ட காலம் செய்து பார்த்தது. 1953 முதல் பல்கலைக்கழகங்களும் தொழில் துறையும் ஆளெடுக்கும் நாளைப் பற்றி ஓர் உடன்பாடு வைத்திருந்தன. 1990களில் அது கைவிடப்பட்டது. பிறகு தொழிலதிபர்களின் கூட்டமைப்பான கெய்டான்ரென் வழிமுறைகள் வகுத்தது. 2018இல் அதுவும் விலகிக்கொள்ள, பொறுப்பு அரசுக்குப் போனது. மூன்றாமாண்டு மார்ச் முதல் நாள் அறிவிப்பு, நான்காமாண்டு ஜூன் முதல் நாள் நேர்காணல், அக்டோபர் முதல் நாள் முறையான நியமன வாக்குறுதி என்பது விதி. நல்ல ஆளை முந்திப் பிடிக்க நினைக்கும் கம்பெனிகள் இன்டர்ன்ஷிப் என்ற பெயரில் அந்த நாள்களுக்கு முன்பே வந்துவிடுகின்றன. விதிமட்டும் போதாது என்பது அங்கிருந்து தெரிகிறது. ஆனால் வலிமையான கல்வி நிறுவனம் நாளைத் தானே குறிக்க முடியும் என்பதற்கு நம் சென்னையிலேயே சான்று உண்டு. ஐ.ஐ.டி. மெட்ராஸில் இறுதியாண்டு வேலைத் தேர்வு செமஸ்டர் வகுப்புகள் முடிந்த பிறகு டிசம்பர் முதல் நாள் தொடங்குகிறது. கம்பெனிகள் அந்த நாளுக்குக் காத்திருந்து வருகின்றன. ஒரு சுயநிதிக் கல்லூரி தனியாக அப்படிக் கேட்டால் கம்பெனி பக்கத்துக் கல்லூரிக்குப் போய்விடும். நூற்றுக்கணக்கான கல்லூரிகளை ஒரே பாடத்திட்டத்தின்கீழ் வைத்திருக்கும் அண்ணா பல்கலைக்கழகம் கேட்டால் அப்படிப் போக முடியாது. பாடத்தைத் தானே வகுத்து, தேர்வை ஒரே நாளில் நடத்தும் பல்கலைக்கழகம், ஆளெடுக்கும் நாளை மட்டும் ஏன் சந்தையின் கையில் விட்டிருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

2022 மார்ச்சில் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் அரசு கொடுத்த நல்ல ஊன்றுகோல். தனியார் பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்ட முடியாத மாணவருக்கு அது பயன்படுகிறது. அதே நேரத்தில் திறன் பயிற்சியைக் கல்லூரி நேரத்துக்குள் இன்னும் ஆழமாக அது கொண்டுவந்திருக்கிறது. முதல் இரண்டாண்டுகளை அந்தப் பயிற்சியிலிருந்தும் பேட்ச் பிரிவினையிலிருந்தும் விடுவித்து, அந்த நேரத்தைத் தமிழ்வழி மாணவர்களுக்கான பாட உதவிக்குக் கொடுத்தால் பிற்பாடு நடக்கும் வடிகட்டலின் அநியாயம் பாதி குறையும் என்பது என் எண்ணம்.

மாணவர்களின் ஆசை ஏன் இப்படி ஒரே திசையில் ஓடுகிறது என்பதற்கான விடையில் ஒரு பகுதி கல்லூரிக்கு வெளியே இருக்கிறது. இந்தியாவிலேயே தொழிற்சாலைகளின் எண்ணிக்கை மிக அதிகமான மாநிலம் தமிழ்நாடு. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர், கோவை எங்கும் இயந்திரங்கள் ஓடுகின்றன. மெக்கானிக்கல், புரொடக்ஷன், எலக்ட்ரிகல் படித்தவர்கள் போக வேண்டிய இடங்கள் அவை. அங்கே புதிதாகச் சேரும் பட்டதாரிப் பயிற்சியாளருக்குப் பல இடங்களில் கிடைப்பது மென்பொருள் கம்பெனியின் அடிப்படைச் சம்பளத்தைவிடக் குறைவு. ஷிஃப்ட் உண்டு, ஒப்பந்தம் உண்டு, டிப்ளமோ படித்தவரையே வைத்துச் சமாளிக்கும் பழக்கமும் உண்டு. ‘கோர் கம்பெனிக்குப் போகணும்’ என்று முதலாமாண்டில் சொன்ன பையன் மூன்றாமாண்டில் பைத்தான் படிக்கப் போவது அந்தச் சம்பளச் சீட்டைப் பார்த்துத்தான். மெக்கானிக்கல் துறையின் இடங்கள் காலியாகின்றன. ஆளில்லை என்று தொழிற்சாலை உரிமையாளர்கள் மாநாடுகளில் பேசுகிறார்கள். அவர்கள் ஓசூரில் ஒரு பட்டதாரிக்குச் சிறுசேரியில் கிடைக்கும் சம்பளத்தையும், மூன்றாண்டுகளில் எந்தப் பதவிக்கு வருவார் என்ற எழுத்துபூர்வமான உறுதியையும் கொடுக்கட்டும். அதைச் செய்யாதவரை, லேத் பட்டறையில் ஆர்வத்தோடு நின்றிருந்த மாணவரை அங்கேயே நிறுத்திவைக்க எந்தப் பேராசிரியராலும் முடியாது.